பிரீமியோவா, 318 ஐ-யா? அப்பாவின் ஐரோப்பியப் பற்றும் என்னுடைய கணக்கும்

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். கையிலுள்ள காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கவிருக்கிறேன். பல மாதத் தேடலுக்குப் பிறகு தெரிவு இரண்டாகச் சுருங்கியிருக்கிறது. ஒன்று 2017ஆம் ஆண்டு டொயோட்டா பிரீமியோ, மற்றது அதே ஆண்டு பி.எம்.டபிள்யூ 318 ஐ. வெளிநாட்டிலுள்ள உறவினர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் கொழும்பில் இவ்விரண்டுக்கும் கேட்கிற விலை ஏறத்தாழ ஒன்றுதான்.

வீட்டில் இது விலையோடு முடிகிற விடயமாக இல்லை. அப்பா எழுபதுகளில் பெஜோ 504 வைத்திருந்தவர், அதற்குப் பிறகு ஒரு பழைய பென்ஸ். ஜப்பான் கார் என்றால் இன்றைக்கும் ‘தகரம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கதவைச் சாத்தும்போது எழும் சத்தத்தை வைத்தே ஒரு காரின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மாமனார் கொரோலா, கரீனா, அலியன் என்று டொயோட்டாவை விட்டு ஓரடி நகராதவர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

வார நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு காலி வீதி நெரிசலில் கோட்டைவரை போய்வர வேண்டும். விடுமுறைகளில் யாழ்ப்பாணம். வாங்கினால் ஆறேழு வருடமாவது வைத்திருப்பேன். ஐரோப்பியக் கார்களின் பராமரிப்புச் செலவு பற்றிச் சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பயமுறுத்தல் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்:

தம்பி, நான் உதிரிப்பாக வியாபாரி. என் கடையில் ஜப்பான் சாமான்தான் அதிகம், ஆகவே என் பேச்சில் சார்பு இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பிரீமியோவில் இருப்பது டொயோட்டாவின் 1 என்.இசட். என்ஜின். அதே என்ஜின்தான் அலியனிலும், ஒரு காலத்து விட்ஸிலும் அக்ஸியோவிலும் ஓடியது. வோட்டர் பம்ப், இக்னிஷன் கொயில் போன்றவற்றை நாங்கள் ஒரு மாடலுக்கென்று எடுத்து வைப்பதில்லை, நான்கைந்து மாடலுக்குச் சேர்த்து எடுக்கிறோம். அதனால் சரக்கு தேங்காது, விலையும் எகிறாது. காலையில் கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் கழற்றிய லோவர் ஆர்மைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பார். தாளை அவர் முழுதாக விரிப்பதற்குள் பையன் தட்டுக்கு ஏறியிருப்பான். அசல் வேண்டுமா, 555 என்ற வேறு கம்பனிச் சாமான் போதுமா, சீனத்துச் சாமானா, இல்லை ஜப்பானில் கழற்றியதா என்பது மட்டுமே மிச்சமிருக்கும் கேள்வி. ஐரோப்பியக் காருக்கு வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது செஸி இலக்கத்தை. ஒரே மாடலில் ஒரே வருடத்துக்குள்ளேயே, ஒரு மாதத்துக்கு முன் செய்தவற்றுக்கு ஒரு பாகமும் பின் செய்தவற்றுக்கு வேறொன்றும் போட்டிருப்பார்கள். இலக்கத்தைப் பார்த்து, விலை கேட்டு, வெளியிலிருந்து எடுப்பிக்கச் சில நாட்கள் போகும்.

ஆனால் ஐரோப்பியச் சாமான் எல்லாமே கொள்ளை விலை என்பது பாதிதான் உண்மை. பி.எம்.டபிள்யூ முத்திரையுள்ள பெட்டியில் வரும் சஸ்பென்ஷன் ஆர்மை லெம்ஃபோர்டரின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை நன்றாகக் குறையும், ஏனென்றால் அந்த நிறுவனமே கார்க் கம்பனிகளுக்கும் செய்து கொடுக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். இந்தக் கார்களில் எங்கள் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காதவை பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். கூலன்ட் தாங்கி, தெர்மோஸ்டட் கூடு, ஹோஸ் இணைப்புகள், புஷ் எல்லாம் ஒரு வயதுக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றை வெடித்த பிறகு மாற்றுகிறவர்தான் என்ஜினையும் சேர்த்துச் சுட்டுக்கொள்கிறார்.

இன்னொன்று. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டிய ஒவ்வொரு பாகத்தின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. ஜப்பான் கார் வைத்திருந்தவர்கள் தெல்கந்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கழற்றிய சாமானை வாங்கிச் சமாளித்தார்கள். ஐரோப்பியக் கார் வைத்திருந்தவர்களில் பலர் வண்டியை மூடிப் போட்டுவிட்டு மகனுடைய ஸ்கூட்டியில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பொறியியலாளர் பம்பலப்பிட்டி:

ஐரோப்பா, ஜப்பான் என்ற இந்தப் பிரிப்பே இன்றைய கார்களுக்குப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. டொயோட்டா ரைஸ் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது டைஹட்சு செய்த காரை. 2018இல் வந்த பென்ஸ் ஏ 200இன் 1.3 லீட்டர் என்ஜின் ரெனோ, நிசான் கூட்டணியுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. 2019இல் திரும்பி வந்த டொயோட்டா சுப்ரா, பி.எம்.டபிள்யூ இஸட் 4இன் அடித்தளத்தில், பி.எம்.டபிள்யூ என்ஜினோடு, ஒஸ்திரியாவில் செய்யப்பட்டது. இதில் உங்கள் மாமனாரின் விசுவாசம் எந்தப் பக்கம் நிற்கும்?

நம்பகத்தன்மையை நாட்டின் பெயரால் அளப்பதிலும் இதே சிக்கல்தான். வொல்க்ஸ்வேகனின் டி.எஸ்.ஜி. எனும் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று ஓடும் நெரிசலில் அது தொல்லை கொடுத்தது உண்மை. 2013இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 16 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்து, செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். ஆனால் அதே 2013இல் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸைப் போட்டு, அடுத்த ஒக்டோபருக்குள் அந்தக் காரை ஐந்து முறை திருப்பி அழைக்க நேர்ந்தது. நிறுவனத்தின் தலைவர் உட்பட மேலதிகாரிகள் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதே கியர்பொக்ஸ் உள்ள ஹொண்டா வெசல் ஹைபிரிட்டை நம்மவர்கள் ‘ஜப்பான் என்றால் பயமில்லை’ என்று சொல்லிச் சொல்லியே வாங்கினார்கள். 2015இல் வொல்க்ஸ்வேகன் டீசல் புகை அளவில் ஏமாற்றியது பிடிபட்டது. 2016இல் மிட்சுபிஷி எரிபொருள் கணக்கில் ஏமாற்றியது. 2023 டிசெம்பரில் டைஹட்சு 64 மாடல்களின் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு செய்தது வெளிவந்தது, அவற்றுள் டொயோட்டா பெயரில் விற்றவையும் அடங்கும். யாரும் யாரையும் கைநீட்டிப் பேசுகிற நிலையில் இல்லை.

ஆகவே என்ஜினையும் கியர்பொக்ஸையும் தனித்தனியே பாருங்கள். 318 ஐ-யில் இருப்பது மூன்று சிலிண்டர், 1.5 லீட்டர் டர்போ என்ஜின். நமது இறக்குமதி வரி என்ஜின் கொள்ளளவோடு ஏறுவதால்தான் இந்தச் சிறிய என்ஜின் இங்கே இவ்வளவு விலைப்பட்டது. பி.எம்.டபிள்யூவும் பெஜோவும் சேர்ந்து உருவாக்கிய முந்தைய 1.6 என்ஜினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் கொடுத்த தொல்லையை நினைத்து இதற்கும் பயப்படத் தேவையில்லை, இரண்டும் வேறு வேறு. ஒரு குறை உண்டு: செயின் கியர்பொக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் இருக்கிறது, எப்போதாவது அதைத் தொட வேண்டி வந்தால் கூலி கடுமையாக இருக்கும். கியர்பொக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு வேகம், நெரிசலுக்கு நன்றாகத் தாங்கும். பெற்றோல் 95 ஒக்டேன்தான் ஊற்ற வேண்டும், 92இல் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கம்பனி சொல்லும் நீண்ட எண்ணெய் இடைவெளி ஜெர்மனியின் நெடுஞ்சாலைக்குரியது. பம்பலப்பிட்டிச் சந்தியில் கார் நிற்கும் நேரம் கிலோமீற்றர் கணக்கில் வராது, ஆகவே அதில் பாதித் தூரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

பிரீமியோவும் புதிய கார் அல்ல. அந்த உடலமைப்பு 2007இல் வந்தது, 2016இல் முகத்தை மட்டும் மாற்றினார்கள், 2021இல் உற்பத்தியே நின்றுவிட்டது. பத்து வருடம் திருத்திப் பழகிய காரில் எதிர்பாராதது எதுவும் நடக்காது. அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கணக்காளர் தெஹிவளை:

எல்லோரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த விலை எப்படி வந்தது என்பதை நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் டொயோட்டாவின்மீது இருப்பதாகச் சொல்லப்படும் பற்று, பெரும்பாலும் அடுத்ததாக வாங்கப்போகிறவர்மீது வைக்கும் நம்பிக்கைதான். எல்லோரும் வாங்குவார்கள் என்பதால் நானும் வாங்குகிறேன், நான் வாங்குவேன் என்பதால் எனக்கு முன்னால் வாங்கியவரும் துணிந்து விலை கொடுத்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் 2025 பெப்ரவரியில்தான் திரும்ப அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓடித் தேய்ந்த கார் வாங்கிய விலைக்கு மேலே விற்றதைப் பார்த்த தலைமுறை, காரை நகைபோலப் பெட்டியில் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டது. இறக்குமதி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஜப்பானில் கதை நேர்மாறு. அங்கே புதிய காருக்கு மூன்றாம் வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் செலவு பிடித்த கட்டாயப் பரிசோதனை உண்டு. அது நெருங்கும்போது பலர் காரை மாற்றிவிடுகிறார்கள், ஏல விற்பனைக்கு நல்ல நிலையில் கார்கள் வந்து குவிவதற்கு அது ஒரு முக்கிய காரணம். அதே ஏலத்தில் ஜெர்மன் கார்கள் இன்னும் வேகமாக விலை இறங்குகின்றன. அங்கே பிரீமியோவைவிடப் பல மடங்கு அந்தஸ்துள்ள கார் இங்கே அதற்குச் சமமாக நிற்பதன் பொருள், பிரீமியோவின் விலையில் ஒரு பகுதி நீங்கள் திரும்ப விற்கும் நாளுக்காக இன்றைக்கே கட்டும் தொகை என்பதே. இரண்டு வருடத்தில் விற்கிறவருக்கு அது நியாயமான பேரம். ஆறேழு வருடம் வைத்திருப்பேன் என்று சொல்லும் நீங்கள், அந்தத் தொகையை முடக்கி வைப்பதா, 318 ஐ-யின் பராமரிப்பில் செலவழிப்பதா என்று பாருங்கள். இறக்குமதி தொடர்ந்து திறந்திருந்தால் பிரீமியோவின் அந்த மேலதிக விலை இப்படியே நிற்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

கல்கிசை முதியவர்:

உங்கள் அப்பாவின் கட்சி நான். ஏ 9 வீதியில் வவுனியா தாண்டி வெட்டவெளியில் ஓடும்போது ஸ்டியரிங் கையில் உறுதியாக நிற்பதும், பின்னால் இருக்கிற மனைவி முறிகண்டிவரை நிம்மதியாகத் தூங்குவதும் எந்தக் கணக்கிலும் வராது.

ஆனால் ஐரோப்பியக் கார் வைத்திருப்பவனுக்கு முதல் தேவை நல்ல பாஸ். என் ஜெர்மன் காருக்கு ஒரு கராஜில் பற்றரி மாற்றினார்கள். மாற்றியதைக் காரின் கணினியில் பதிய வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அடுத்தடுத்து எச்சரிக்கை விளக்கு எரிய, ஒல்ரனேட்டர் போய்விட்டது என்று சொல்லி அதற்கும் ஒரு பில் நீட்டினார்கள். இப்போது பார்க்கும் பாஸ் முதலில் ஸ்கேனரைப் போட்டு, வந்த குறியீடுகளை என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஸ்பானரையே எடுப்பார். அவர் தொழிலை விட்டால் நானும் அடுத்த நாளே டொயோட்டாவுக்கு மாறிவிடுவேன், இதில் வெட்கப்பட எதுவுமில்லை. காரைப் பார்க்குமுன் ஆளைத் தேடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணக்காளர் அக்கா சொன்ன கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. நேற்று இரண்டையும் பார்த்தேன். எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது, இரு பக்கமும் ஓட்டோ நிற்கும். பிரீமியோவின் அகலம் 1.7 மீற்றருக்குள் அடங்குகிறது, 318 ஐ 1.81 மீற்றர். பதினொரு சென்ரிமீற்றர் எங்கள் படலையில் பெரிய விடயம், கண்ணாடிகளை மடக்கித்தான் உள்ளே போக முடிந்தது. அப்பா வழக்கம்போல் நான்கு கதவையும் சாத்திப் பார்த்துவிட்டு, பிரீமியோவின் கதவு ‘பரவாயில்லை’ என்றார். மாமனாரிடம் இதைச் சொல்லவில்லை.

மனம் இன்னும் 318 ஐ பக்கம்தான் சாய்கிறது. வாங்குவதற்கு முன் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?

பொறியியலாளர் பம்பலப்பிட்டி:

காலையில் நீங்கள் போகும்வரை என்ஜினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜினை முதல்முறை இயக்கும்போது பின்பக்கமிருந்து செயின் சத்தம் வருகிறதா, வெளியேறும் புகை எந்த நிறம் என்று கவனியுங்கள். பிறகு ஸ்கேனரைப் போட்டு, வெவ்வேறு கணினிகளில் பதிவான கிலோமீற்றர் டாஷ்போர்டில் காட்டுவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், மீற்றரைக் குறைப்பவர்கள் எல்லா இடத்திலும் மாற்றுவதில்லை. கூலன்ட் தாங்கியின் விளிம்பில் வெள்ளைக் கறை இருந்தால் கசிவு இருந்திருக்கிறது. உங்கள் பகுதி கடலோரம் என்பதால் லிஃப்டில் ஏற்றி அடித்தட்டுத் துருவையும் பாருங்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான், மாற்றுச் சக்கரம் இருக்காது. யாழ்ப்பாணம் போகிறவர் மாற்றுச் சக்கரம் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ள வேண்டும், அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்:

தம்பி, பேசி முடித்ததும் செஸி இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள். கூலன்ட் தாங்கி, தெர்மோஸ்டட் கூடு, மேல் ஹோஸ் மூன்றுக்கும் விலை எடுத்துத் தருகிறேன். பழையவை நன்றாகத் தெரிந்தாலும், வாங்கிய முதல் மாதத்திலேயே மூன்றையும் மாற்றிவிடுங்கள்.