கேரன் ஏரிக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

நண்பர்களே, அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் பர்ரன் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் உள்ள கேரன் வட்டாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். அங்கே 'டர்லாக்' என்றொரு ஏரி. மழைக்காலத்தில் பாறை இடுக்கு வழியாக நிலத்தடி நீர் மேலே ஏறி நிரம்பிவிடும். கோடையில் அதே இடுக்குகளில் இறங்கிப் போக, ஏரித் தரையில் மாடுகள் மேயும். 'பருவகால ஏரி' என்று எழுதினால் அந்த அழகே போய்விடுகிறது. 'சுனை'யும் ஒட்டவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்களேன்.

அப்புறம், பக்கத்திலேயே 5000 ஆண்டுகளுக்கும் முந்தைய போல்னப்ரோன் கல்திட்டை (பெரிய கற்பலகைகளால் ஆன பழங்காலக் கல்லறை) இருக்கிறது. அது சரி, படங்கள் கிடைத்துவிட்டன. கிடைக்காதது, குளிர்காலம் தொடங்கும்போது மாடுகளை மேட்டுப் பாறைநிலத்துக்கு ஓட்டிப்போகும் காட்சி. அக்டோபர் கடைசியில் அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது படம் எடுத்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.