ரிசல்ட்ட எப்படி சொன்னாங்க? மனச விட்டுப் போகாத ஒரு சம்பவத்த எழுதுங்க

மூத்தமகன்
அப்பாவோட பயாப்ஸி ரிசல்ட். முழுக்கதை வேணாம், அந்தக் காத்திருப்பெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பரிசோதிச்சு முடிச்சு அப்பா சட்டை பட்டன் போட்டுட்டிருந்தாரு, டாக்டர் அதுக்குள்ள கதவுகிட்ட போயாச்சு, கைப்பிடிய புடிச்சிட்டே, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய, "நாம சந்தேகப்பட்டதுதான், மெலிக்னன்ட், ஆங்காலஜிக்கு எழுதித் தரேன்"னாரு. அப்பா "அப்படின்னா என்ன டாக்டர்?"னு கேட்டாரு. அவரு அப்பாவ பாக்கவே இல்ல, என்னைப் பாத்து "நீங்க சொல்லிடுங்க"ன்னுட்டு போயிட்டாரு. அப்பா பாதி பட்டன்ல கைய வச்சபடி என் மூஞ்சியே பாத்துட்டிருக்காரு. வைத்தியத்துல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர்தான். ஆனா கேன்சர்னு சொல்ற வேலை எப்படிங்க என் வேலை ஆச்சு?

வார்டு சிஸ்டர்
நின்னுட்டே சொல்றது எனக்கும் ஆகவே ஆகாது தம்பி. எங்க வார்டுல முன்னாடி ஒரு பெரிய டாக்டர் இருந்தாரு, ரவுண்ட்ஸ்ல கட்டில் ஓரத்துலயே உக்காந்துடுவாரு, கிருமி பரவும்னு இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்ல இருந்து சத்தம் போட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு பி.ஜி. பையன் மடக்கு நாற்காலிய தூக்கிட்டு பின்னாடியே வருவான், நாங்க சிரிப்போம். ஒரு பாட்டி மாத்திரையும் வேணாம் சாப்பாடும் வேணாம்னு முகத்த திருப்பிட்டே படுத்திருந்தாங்க, கேஸ் ஷீட்ல 'ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதியிருந்துச்சு. இவரு நாற்காலிய போட்டு உக்காந்தாரு, ஒண்ணும் கேக்கல, சும்மா உக்காந்திருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு பாட்டி தானாவே "முழுங்கினா எரியுது"ன்னாங்க. டார்ச் அடிச்சுப் பாத்தா தொண்டை வரைக்கும் வெள்ளை வெள்ளையா பூஞ்சைத் தொற்று. அந்த 'ஒத்துழைக்கவில்லை'ய அவரே அடிச்சுட்டு கீழ கையெழுத்து போட்டாரு.

நேரம் இல்லன்னு யாராவது வருவீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல கேன்சஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனவங்கள வச்சு பாத்தாங்க, 2012ல வந்த ஆய்வு. ஒரே டாக்டர், சிலர்கிட்ட நின்னு பேசினாரு, சிலர்கிட்ட உக்காந்து. உக்காந்தப்ப நிஜமா இருந்தது ஒரு நிமிஷம் சொச்சம்தான், நின்னப்ப இருந்தத விடக் கொஞ்சம் கம்மி கூட. ஆனா நோயாளிங்கள கேட்டா அஞ்சு நிமிஷம் இருந்தாருன்றாங்க.

நைட் டியூட்டி
நான்தான் அந்த 'யாராவது' 😀 சிஸ்டர், பெரிய டாக்டருக்கு நாற்காலி தூக்க ஆள் இருக்கு. ராத்திரி ரெண்டு வார்டையும் ஒருத்தனே பாக்கறவனுக்கு? மூத்தமகன் ப்ரோ, அந்த டாக்டர் செஞ்சது சரின்னு சொல்லல, ஆனா கெட்ட செய்தி சொல்லறதுக்கு ஒரு முறை இருக்கு, 2000ல கேன்சர் டாக்டருங்க எழுதினது, ஸ்பைக்ஸ்னு பேரு, ஆறு படி. முதல்ல இடத்த ஒழுங்கு பண்ணிக்கணும், அப்புறம் அவங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேக்கணும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறாங்கன்னு கேக்கணும், அப்புறம்தான் விஷயத்தயே சொல்லணும், அவங்க அழுதா கோபப்பட்டா அதுக்கு இடம் குடுக்கணும், கடைசியா அடுத்து என்ன செய்யப்போறோம்னு. எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணினேன். வார்டுல ஒருத்தர் அப்படி செஞ்சு நான் பாத்ததில்ல.

என் கதை வேற. விடிகாலை, ஒரு மரணம். நெஞ்ச அழுத்தற சி.பி.ஆர். நிறுத்தியாச்சு, கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பாத்து, நெஞ்சு சத்தம் கேட்டு, ஈ.சி.ஜி. நேர்கோடு எடுத்து, நேரம் எழுதியாச்சு. வெளிய வந்து மனைவிகிட்ட சொன்னேன். அந்தம்மா உள்ள போய் அவரு கையப் புடிச்சுப் பாத்துட்டு "டாக்டர் கை சூடா இருக்கே, இன்னொரு தடவை பாருங்களேன்"னாங்க. உடம்பு ஆற மணிக்கணக்காகும்னு எனக்குத் தெரியும். ஸ்டெத்த எடுத்து மறுபடி வச்சேன், ஒண்ணும் கேக்காதுன்னு தெரிஞ்சேதான் வச்சேன், முழுசா ஒரு நிமிஷம் குனிஞ்சு கேட்டேன், அந்த நேரம் முழுக்க அந்தம்மா மூச்சு விடற சத்தம்தான் கேட்டுச்சு. நிமிர்ந்து தலையாட்டினேன். அவங்க "சரி"ன்னாங்க. அது வைத்தியமா நடிப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

கறார் கந்தன்
நடிப்புதான். செத்தவர செத்தவர்னு சொன்னப்புறம் திரும்ப ஸ்டெத் வச்சா அந்தம்மா மனசுல ஒரு நிமிஷம் ஆசை வந்திருக்கும்ல? அந்த ஒரு நிமிஷத்துக்கு யார் பொறுப்பு?

அனுபவஸ்தன்
எங்க அம்மா கதையும் கிட்டத்தட்ட அதேதான், டாக்டர் பேசினாரு, நாங்க தலையாட்டினோம், வீட்டுக்கு வந்தா ஆளுக்கொண்ணு சொல்றோம். அத விடுங்க. மூத்தமகனுக்கு சொல்றேன், இனிமே கேள்விய எழுதிட்டு போங்க, மனசுல வச்சிட்டு போகாதீங்க. டாக்டர் சொன்னதுல 40லிருந்து 80 சதவீதம் வரைக்கும் உடனே மறந்துடும்னு 2003ல வந்த ஒரு கட்டுரை சொல்லுது, நினைவிருக்கறதுலயும் பாதிக்கிட்ட தப்பா இருக்குமாம், அதனால கூட ஒருத்தர் கண்டிப்பா போகணும், அவரு பேசக்கூடாது எழுதணும், டாக்டர் ஓகேன்னா போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாம். எழுதினதுல முக்கியமான கேள்விய முதல்லயே கேட்டுடுங்க, கடைசிக்கு வச்சீங்கன்னா டாக்டர் கதவுல இருப்பாரு. ஏன்னா நம்மள பேச விடறதே கம்மி, 1984லயே பாத்திருக்காங்க, நோயாளி வாயத் திறந்து சராசரியா 18 வினாடில டாக்டர் குறுக்க வந்துடறாரு, 2018ல வந்த இன்னொரு ஆய்வுல அது 11 வினாடி. சொல்லி முடிச்சதும் "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா டாக்டர்"னு நம்ம வார்த்தையில திருப்பி சொல்லிக் காட்டணும், தப்புன்னா அங்கயே திருத்துவாரு. இன்னொண்ணு, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்கப்பாகிட்ட "உங்ககிட்ட நேரா சொல்லட்டுமா, என்கிட்ட சொல்லட்டுமா"ன்னு கேட்டு வச்சிருந்தா அந்த நிலைமையே வந்திருக்காது.

மூத்தமகன்
சார், நான் டிப்ஸ் கேக்கல. அவரு காத்திருந்தாருன்னா நாங்களும் கேட்டிருப்போம், கதவு மூடியாச்சு. அப்பாகிட்ட கேக்க வேண்டியது டாக்டர், அத ஏன் எங்க தலையில கட்டறீங்க? சொன்னா சிரிப்பீங்க, அப்பாவுக்கு அதே டாக்டர ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு செக்கப்புலயும் கையெடுத்துக் கும்பிட்டு "நல்லா இருக்கீங்களா டாக்டர்"னு விசாரிப்பாரு. எனக்கு பத்திக்கிட்டு வரும்.

தையல் போட்டவள்
இவ்வளவு சோகத்துக்கு நடுவுல ஒரு நல்லதயும் எழுதிக்கறேன். ஆபரேஷன் தியேட்டர், மேல அந்தப் பெரிய லைட்டு, எல்லாரும் மாஸ்க், யார் யாருன்னே தெரியல, என்னைச் சுத்தி என்னைப் பத்தியே பேசறாங்க ஆனா என்கிட்ட யாரும் பேசல. மயக்க மருந்து டாக்டர் மட்டும் மாஸ்க்க இறக்கி முகத்த காட்டி, பேரச் சொல்லி, "முடியற வரைக்கும் உங்க தலைமாட்டுலதான் இருப்பேன், வேற எங்கயும் போக மாட்டேன்"னாங்க. சர்ஜன் முகம் எனக்கு ஞாபகமே இல்ல, இவங்க மூக்குத்தி வரைக்கும் ஞாபகம் இருக்கு. இங்கிலாந்துல கேட் கிராஞ்சர்னு ஒரு டாக்டர், அவங்களுக்கே கேன்சர் வந்து வார்டுல படுத்திருந்தப்ப, பக்கத்துல வர்றவங்க பல பேர் தங்களோட பேரக் கூட சொல்லலன்னு கவனிச்சு, 2013ல 'வணக்கம், என் பேரு இன்னது'ன்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. 2016ல போயிட்டாங்க. படுத்துப் பாத்தவங்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்.

கறார் கந்தன் சார், ஆசை வந்திருந்தா அந்தம்மா "சரி"ன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்களே சரிபாத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

கறார் கந்தன்
நீங்க சொல்றது ஊகம். ஆனா தம்பி செஞ்சது கெட்ட எண்ணத்துல இல்லன்றத ஒத்துக்கறேன்.

நைட் டியூட்டி
இன்னொரு தடவை அப்படி நடந்தா திரும்பவும் வைப்பேன் சார்.

ஒரு_அக்கா
டாபிக் மாறுதுன்னா மன்னிச்சிடுங்க. கர்ப்பம்னு ஸ்கேனுக்கு போனேன், மூணு மாசம் முடியப் போகுது. ஸ்கேன் எடுக்கற பொண்ணு சிரிச்சுப் பேசிட்டே இருந்தா, திடீர்னு பேச்சு நின்னுச்சு, ஸ்கிரீன அவ பக்கம் திருப்பிட்டா. அவ்வளவுதான், எனக்குப் புரிஞ்சிடுச்சு. "டாக்டர் வந்து சொல்லுவாங்க"ன்னுட்டு வெளிய போயிட்டா, வயித்துல ஜெல்லோட நான் தனியா. ஏன் திருப்பினா? பாத்தா நான் என்ன செஞ்சிடப் போறேன்?

வார்டு சிஸ்டர்
நிறைய இடத்துல ஸ்கேன் எடுக்கறவங்க வாயத் திறக்கக் கூடாது, கையெழுத்து போடற டாக்டர்தான் சொல்லணும்னு வச்சிருக்காங்கம்மா. துடிப்பு இல்லன்னா இன்னொருத்தரும் பாத்து உறுதி பண்ணினப்புறம்தான் சொல்லுவாங்க, அதுக்குள்ள தப்பா ஒண்ணு சொல்லிடக் கூடாதுன்னு பயம். திருப்பினதுக்கு அது காரணமா இருக்கலாம், தனியா விட்டுட்டு போனதுக்கு ஒரு விதியும் காரணம் இல்ல, கூட ஒரு ஆள நிறுத்திட்டுப் போயிருக்கணும். ரிப்போர்ட் நகல் உங்ககிட்ட இல்லன்னா எழுதிக் குடுத்து கேளுங்க, அன்னிக்கு யார் பாத்தாங்கன்னு அதுல இருக்கும். நேர்ல போய் கேக்கணும்னு தோணுச்சுன்னா கேளுங்க, தோணலன்னா விட்டுடுங்க.