ஆறரைக்கு நோட்டை மூடுகிறேன், கவலை மூடவில்லை

வயது 38, திருச்சி. எட்டு மாதங்களாக எதற்கெடுத்தாலும் கவலை. மகள் பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் மனம் விபத்து வரை போய்விடுகிறது. பிடரி இறுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு.

இதய நோய் என்றே நம்பினேன். இசிஜி, தைராய்டு இரண்டும் சரியாக இருந்தன. மனநல மருத்துவர் 'பொதுப் பதற்றக் கோளாறு' என்றார். பதற்றத்தின் கடுமையை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாளில் 21க்கு 16. பதற்றத்துக்கான மருந்து எஸ்சிடலோபிராம் 10 மி.கி. தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. தூக்கம் வந்துவிட்டது, கவலைதான் போகவில்லை. நடைப்பயிற்சி உண்டு. மாலை காபியையும் விட்டுவிட்டேன் (அதுதான் பெரிய தியாகம்). உறவினர்கள் சொன்ன கோயில்களுக்கும் போய்வந்தாயிற்று.

இப்போது சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) முறையில், பகலில் வரும் கவலைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்து, மாலை 6 முதல் 6.30 வரை மட்டும் யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாகச் செய்கிறேன். பகலில் தள்ளிப்போட முடிகிறது. ஆனால் நோட்டை மூடிய பிறகும் படுக்கும்வரை அதே ஓட்டம். அடுத்த சந்திப்புக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. மருந்தளவை நானாக மாற்றப்போவதில்லை.

இந்த முறையைப் பழகியவர்கள் சொல்லுங்கள்: அரை மணி முடிந்ததும் அந்த எண்ணங்களை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவர நீங்கள் என்ன செய்தீர்கள்?