புற்றுநோயில் குரோமோசோம் பங்கீடு: மூன்று கருத்துகளுக்கு மூன்று சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

செல் பிரியும்போது, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்படுவதைக் குறிக்க, புற்றுநோய் பற்றிய கட்டுரைகளில் 'குரோமோசோம் மரபுரிமைக் கோளாறு' என்ற தொடரை ஆளலாம் என்று இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மரபுரிமை என்றதும் படிப்பவர் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதையே நினைப்பார். நாம் பெயரிட விரும்புவதோ, ஒரே உடலுக்குள் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் குரோமோசோம்கள் சேய்ச்செல்கள் இரண்டுக்கும் சரியாகப் போய்ச் சேராத நிகழ்வை. புற்றுக்கட்டிகளில் காணப்படும் இத்தகைய மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த உடலிலேயே தோன்றியவை. நோயாளியின் பிள்ளைகள் இத்தொடரைப் படித்துவிட்டுத் தங்களுக்கும் அக்கோளாறு வந்திருக்கும் என்று அஞ்சுவதற்கு நாம் இடம் தரக் கூடாது.

விழித்திரைப் புற்றை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். இந்நோய் தோன்ற ஒரு மரபணுவின் இரு படிகளும் பழுதாக வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் நட்சன் 1971இல் கருதினார். சில குழந்தைகள் 13ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவின் பழுதான படி ஒன்றைப் பிறவியிலேயே பெற்றிருக்கிறார்கள். அது உண்மையான மரபுரிமை. நல்ல படியைத் தாங்கிய மற்றொரு 13ஆம் குரோமோசோம், விழித்திரைச் செல் பிரியும்போது ஒரு சேய்ச்செல்லுக்குப் போய்ச் சேராமல் இழக்கப்படலாம் என்பது 1983இல் காட்டப்பட்டது. முதலாவது பிறப்போடு வந்தது. இரண்டாவது பிரிவின்போது நேர்ந்தது. இரண்டையும் 'மரபுரிமை' என்றே எழுதினால் இந்த விளக்கத்தைத் தமிழில் சொல்லவே வழியில்லாமல் போகும்.

ஆகவே நிகழ்வுக்குப் 'பங்கீட்டுப் பிழை' என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன். பிரிவதற்கு முன் 46 குரோமோசோம்களும் இரட்டிப்பாகின்றன. செல்லின் இரு துருவங்களிலிருந்தும் வரும் கதிர்க்கோல் இழைகள், இரட்டித்துக் கிடைத்த ஒவ்வோர் இணையையும் எதிரெதிர்ப் பக்கங்களில் பற்றி இழுக்கின்றன. பற்றப்படாத குரோமோசோம் ஒன்று எஞ்சியிருந்தாலும் பிரிவைத் தடுத்து நிறுத்தும் கண்காணிப்பு ஏற்பாடு செல்லுக்குள் உண்டு. அதற்குரிய மரபணுக்கள் 1991இல் ஈஸ்ட்டில் கண்டறியப்பட்டன. எனினும் ஒரே பற்றிடத்தை (குரோமோசோமில் இழை பிடிக்கும் இடத்தை) இரு துருவங்களின் இழைகளும் பிடித்துக்கொண்டால், பற்றுதல் முடிந்துவிட்டதாகவே அந்த ஏற்பாடு கொள்கிறது. பிரிவு தொடர்கிறது, அந்தக் குரோமோசோம் நடுவழியில் பின்தங்கி நிற்கிறது. கண்காணிப்பு பழுதடையாமலே பிழை நேரும் வழி இது என்பதால், முன்பு ஒருவர் சொன்ன 'கண்காணிப்புத் தவறு' என்ற பெயர் இதன் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

பிழையின் விளைவாகச் செல் அடையும் நிலைக்கு, அதாவது சில குரோமோசோம்கள் கூடியோ குறைந்தோ இருப்பதற்கு (aneuploidy), வேறு சொல் வேண்டும். 'எண்ணிக்கைப் பிறழ்வு' என்பது எளிமையானதுதான், ஆனால் உண்மைக்கு முழுதும் ஈடுகொடுக்கவில்லை. மூளைப் புற்றுகளில் கொடியதான கிளியோபிளாஸ்டோமாவில் 7ஆம் குரோமோசோம் ஒன்று கூடுவதும் 10ஆம் குரோமோசோம் ஒன்று குறைவதும் சேர்ந்து காணப்படுவது வழக்கம். இவ்விரண்டு மாற்றங்கள் மட்டுமே நேர்ந்த செல்லில் எண்ணிப் பார்த்தால் 46 சரியாகவே இருக்கும். அச்செல் இயல்பானது அன்று. 'பிறழ்மடியம்' (மடியம் என்பது செல்லில் உள்ள குரோமோசோம் தொகுதிகளின் அளவு) அழகிய ஆக்கம். ஆயினும் குரோமோசோம் முறிந்து இடம் மாறுவதைப் 'பிறழ்ச்சி' என்று பாடநூல்கள் வழங்கிவருவதால் குழப்பம் நேரும். நான் 'மிகைகுறை மடியம்' என்பதை முன்வைக்கிறேன். சில கூடியும் சில குறைந்தும் இருப்பதை அது நேரே சொல்கிறது. எல்லாக் குரோமோசோம்களும் ஒருசேர இரட்டித்த நான்மடியத்தை அது உள்ளடக்காது என்பதும் நன்மையே, ஏனெனில் அங்கே குரோமோசோம்களுக்கு இடையிலான விகிதம் கெடுவதில்லை.

விகிதமே முதன்மையானது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. புற்றுச் செல்கள் சமச்சீரின்றிப் பிரிவதை ஜெர்மன் நோயியலாளர் ஹான்செமான் 1890இல் விவரித்தார். ஜெர்மன் உயிரியலாளர் போவேரி 1902இல், ஒரே முட்டையில் இரண்டு விந்துகள் புகுந்த கடல் முள்ளெலிக் கருக்களை ஆராய்ந்து, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டால் வளர்ச்சி கெடுவதையும், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனிப் பணி உண்டென்பதையும் காட்டினார். கட்டிகளின் தோற்றத்துக்கும் இதுவே காரணமாகலாம் என்று 1914இல் எழுதினார். மனிதக் குரோமோசோம்கள் 46 என்று உறுதியானதே 1956இல்தான் என்பதை நினைத்தால் அவருடைய தொலைநோக்கு வியப்பளிக்கிறது. திண்மக் கட்டிகளில் (இரத்தப் புற்றுபோல் அன்றி உறுப்புகளில் கட்டியாக வளரும் புற்றுகளில்) ஏறத்தாழ 90 விழுக்காடு மிகைகுறை மடியம் கொண்டவை என்று இன்று அறிகிறோம்.

மூன்றாவது கருத்து, பிழை மீண்டும் மீண்டும் நேரும் இயல்பு. இதற்குக் 'குரோமோசோம் நிலையின்மை' பொருந்தும். 'நிலையாமை' என்பது யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை என்று அறநூல் வழியே வேரூன்றிவிட்டதால் அதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் பெரும்பாலும் எல்லாச் செல்களிலும் மூன்றாக இருக்கிறது. அது நிலைபெற்ற மிகைகுறை மடியம். அந்நோய்க்குறி உடையவர்களிடம் இரத்தப் புற்று கூடுதலாகவும் திண்மக் கட்டிகள் குறைவாகவும் காணப்படுகின்றன. மாறாக, பெருங்குடல் புற்றுச் செல்கள் பலவற்றில் ஒவ்வொரு குரோமோசோமும் நூறு பிரிவுகளுக்கு ஒரு முறைக்கும் மேலாகக் கூடியோ குறைந்தோ போவது 1997இல் அளந்து காட்டப்பட்டது. கட்டிக்குள் செல்லுக்குச் செல் வேறுபாடு பெருகுவதற்கும், மருந்துக்குத் தப்பும் செல்கள் அவற்றிடையே தோன்றுவதற்கும் வழிசெய்வது இந்த ஓயாத மாற்றம். நிலைக்கும் இயல்புக்கும் ஒரே சொல்லை வழங்கினால் மருத்துவர் சொல்வது படிப்பவருக்குத் தலைகீழாகப் போய்ச் சேரக்கூடும்.

மூன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'பங்கீட்டுப் பிழைகள் தொடர்ந்து நேரும் குரோமோசோம் நிலையின்மையால் கட்டியின் செல்கள் வெவ்வேறு வகை மிகைகுறை மடியங்களை அடைகின்றன.' எனக்கு இது தடங்கலின்றிப் படிகிறது.

பின்தங்கிய குரோமோசோம் தனியே ஒரு சவ்வுக்குள் அடைபட்டுச் சிற்றுட்கருவாகி, அங்கே துண்டு துண்டாக உடைந்து ஒழுங்கின்றி மீண்டும் ஒட்டிக்கொள்வது, 2011இல் விவரிக்கப்பட்ட பெருஞ்சிதைவு (chromothripsis) நேரும் வழிகளில் ஒன்று. அதற்குக் 'குரோமோசோம் நொறுங்கல்' என்பதை எண்ணியிருக்கிறேன். ஆனால் நொறுங்கியவை மீண்டும் ஒட்டுவதை அச்சொல் காட்டவில்லை. இதற்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளைக் கேட்கிறேன்.