கிராம சபையில் சொன்ன கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏற என்ன செய்ய வேண்டும்?

மேட்டுத்தெரு:
வணக்கம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை சுமார் 2,800. மேட்டுத்தெருவில் 38 வீடுகள். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் லைனில் நாங்கள்தான் கடைசி. தண்ணீர் விடும் 20 நிமிடமும் நூல் மாதிரிதான் வரும். கிராம சபையில் ஒவ்வொரு தடவையும் சொல்கிறோம். "பார்க்கலாம்" என்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், கூட்டம் முடிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் கேட்டால் அப்படி ஒரு தீர்மானமே பதிவில் இல்லை. இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம். வரும் அக்டோபர் 2 கூட்டத்தில் இதை முறையாகத் தீர்மானமாக்க வழி சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
அக்டோபர் 2 கூட்டத்தைக் கண்டிப்பாக விடாதீர்கள். வருடத்தில் ஆறு கூட்டங்கள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வேலைகளைத் திரட்டும் பருவம் அக்டோபரில்தான் தொடங்குகிறது. திட்டத்தில் இடம்பெறாத வேலைக்குப் பிறகு நிதி தேடுவது பெரும்பாடு.

வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே மனு கொடுங்கள். தனி அலுவலர் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) தான்; மனுவை அவர் பெயருக்கே எழுதி, நகலை ஊராட்சி செயலருக்குக் கொடுங்கள். உங்கள் கைப்பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்க வேண்டும். முத்திரை தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் முதல் வரியிலேயே "கூட்டப் பொருளில் சேர்க்கக் கோருதல்" என்று இருக்கட்டும். வெறும் குறை மனுவாக எழுதினால் அது குறை மனுக் கோப்புக்குள் போய்விடும்.

கூட்டப் பொருளில் பெரும்பகுதி அரசிடமிருந்தே வரும்: வரவு செலவுக் கணக்கு, குடிநீர், டெங்கு தடுப்பு என்று. உள்ளூர் விஷயத்தை இதர பொருள் என்று கடைசியில் எடுப்பார்கள். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். உங்கள் தெருக்காரர்கள் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு, ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். உங்கள் ஊராட்சிக்கு 100. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர். வேறு ஊரில் ஓட்டு வைத்திருக்கும் மருமகள்களை அழைத்து வந்தால் எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

இனி முக்கியமான இடம். கூட்டம் தொடங்கும்போது வாங்குவது வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து. பல இடங்களில் அதையே தீர்மானங்களுக்கான ஒப்புதலாகவும் காட்டிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். உங்கள் கோரிக்கை காணாமல் போவது அங்கேதான். ஆகவே தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். கூட்டத்தில் வாசித்து, அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்க வாசிக்கக் கேளுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. கூட்டத்தைக் கவனித்து அறிக்கை தர அரசு அனுப்பிய பற்றாளர் அங்கே இருப்பார். எழுத மறுத்தால் அவரிடமே சொல்லி, அவருடைய அறிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

வால்வுசாவி:
லைன் வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். "மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் வேண்டும்" என்று எழுதினால் ஒரு கைப்பம்பைப் பழுது பார்த்துவிட்டு வேலை முடிந்ததாகக் காட்டலாம். கணக்கோடு போங்கள்.

வீடுதோறும் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 152 பேர், 8,360 லிட்டர். இப்போது கிடைப்பதை அளக்க 15 லிட்டர் குடம் போதும். கடைசி மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்து, குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மூன்று நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர். 20 நிமிடத்துக்கு 100 லிட்டர். நாலு பேர் வீட்டுக்குத் தேவை 220. மூன்று நாள் அளந்து எழுதிய தாளை மனுவோடு இணையுங்கள்.

காரணத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரே லைனில் பள்ளத்துத் தெருவும் மேட்டுத்தெருவும் இருந்தால், பள்ளத்தில் குழாய்கள் திறந்திருக்கும் வரை மேட்டில் அழுத்தமே இருக்காது. டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லி, பள்ளத்து லைனுக்கு கேட் வால்வு இருந்தால் ஒரு நாள் அதை மூடிவிட்டு உங்களுக்கு மட்டும் விடச் சொல்லுங்கள். நன்றாக ஏறினால் முறை வைத்து விடுவதே போதும், செலவே கிடையாது. அப்போதும் ஏறவில்லை என்றால் குழாயில் அடைப்பு, வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது, அல்லது குழாயின் விட்டம் போதாதது. தனி லைன் கேட்பது அதற்குப் பிறகு.

ஏரிக்கரை:
மேலே சொன்னது சரி. அந்தச் சோதனையில் தனி லைன்தான் வழி என்று தெரிந்தால், அந்த அளவுகளை வைத்து வாசகம் இப்படி இருக்கலாம்:

"மேட்டுத்தெருவின் 38 வீடுகளுக்கும் நாளொன்றுக்கு 8,360 லிட்டர் குடிநீர் கிடைக்கும் வகையில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனி வால்வுடன் புதிய குழாய் பதிக்க 30 நாட்களுக்குள் மதிப்பீடு தயாரிக்கவும், இப்பணியை அடுத்த நிதியாண்டின் வளர்ச்சித் திட்டத்தில் முன்னுரிமையுடன் சேர்க்கவும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் எழுத்துமூலம் வைக்கவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"பரிசீலிக்கலாம்", "ஆவன செய்யலாம்" என்று எழுத விடாதீர்கள். அதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் பிரிவுதான் போட வேண்டும், அதனால் ஓவர்சீயரிடம் முன்பே பேசுங்கள். நிதி இல்லை என்று சொன்னால், 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-26 காலத்துக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது என்பதைச் சொல்லி, அதில் செலவானது எவ்வளவு என்று படிவம் 30 வரவு செலவு அறிக்கையைக் காட்டக் கேளுங்கள். கிராம சபையின் பார்வைக்கு அதை வைத்தே ஆக வேண்டும். ஊராட்சியின் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்திலும் இருக்கும். கூட்டத்துக்கு முந்தின நாள் பார்த்துவிட்டுப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மேட்டுத்தெரு:
ரொம்ப நன்றி. தீர்மானம் எழுதினார்களா என்று கூட்டத்துக்குப் பிறகு உறுதி செய்வது எப்படி? பக்கத்துப் பேரூராட்சியில் இருக்கும் உறவினரும் இதையே கேட்கிறார்.

ஓடைமேடு:
பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்கெல்லாம் வார்டு குழு, பகுதி சபை என்று தனி விதிகள். அவர் தன் வார்டு கவுன்சிலரிடம் பகுதி சபைத் தேதியைக் கேட்கட்டும்.

உங்களுக்கு, கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அலுவலகம் மாறிப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. "தீர்மானம் நிறைவேறியதா?" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள். "02-10 கிராம சபையின் தீர்மானப் புத்தகப் பக்கங்கள் அனைத்தின் சான்றிட்ட நகல், வருகைப் பதிவேட்டு நகல், பற்றாளர் அறிக்கை நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. நகலில் உங்கள் தீர்மானம் இல்லையென்றால், கையில் இருக்கும் முத்திரையிட்ட மனுவோடு திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.