ஜார்ஜ் டவுன் வக்ஃபு நிலம்: எழுதிவைத்தவர் குடும்பத்துக்கு என்ன உரிமை?

சூலியா பேரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வேறொரு இழையில் ஒருவர், "வக்ஃபு நிலம்னா மஜ்லிஸ் நிலம், எழுதிவைத்தவரோட பேரன் பேத்திகளுக்கு அதில் பேச்சே கிடையாது" என்று போட்டிருந்தார். தர்மத்துக்கென்று நிரந்தரமாக எழுதிவைத்த சொத்துதான் வக்ஃபு, மாநில இஸ்லாமிய சமய மன்றம்தான் மஜ்லிஸ். அங்கேயே பதில் சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்று இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

1801-ல் ஜார்ஜ் லீத் இங்கே பினாங்கில் லெப்டினன்ட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென்று கொடுத்தது. காதர் மைதீன் மரைக்காயர் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளி அப்படி வந்ததுதான். அதற்குப் பிறகு சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் வியாபாரிகள் சொந்தக் காசில் வாங்கிய கடைவீடுகளையும் தோப்புகளையும் எழுதிவைத்தார்கள். வாடகை வந்தால் மதரஸாவுக்கு இவ்வளவு, பள்ளி விளக்கெண்ணெய்க்கு இவ்வளவு, நோன்புக் கஞ்சிக்கு இவ்வளவு என்று பிரித்தே எழுதினார்கள். யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதினார்கள்: என் மூத்த மகன், அவனுக்குப் பின் ஜமாஅத்தில் நல்லவர் இரண்டு பேர்.

வாக்கிஃப், அதாவது எழுதிவைத்தவர், போட்ட நிபந்தனை ஷரீஅத்தின் கட்டளைக்குச் சமம் என்பது ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டம் படித்த எல்லாருக்கும் தெரிந்த விதி. கஞ்சிக்கு எழுதியதை மதிக்கிறோம் என்றால், பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார் என்பதையும் மதிக்க வேண்டாமா? மாநிலச் சட்டம் மஜ்லிஸை ஒரே பொறுப்பாளர் ஆக்கியதோடு அந்த வரி மட்டும் எப்படி அழிந்துபோனது?

கோர்ட் கெராணி:

தம்பி, லைட் ஸ்திரீட் பக்கம் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் சரித்திரத்தை முழுசாகச் சொல்லுங்கள்.

1905-ல் முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டம் ஏன் வந்தது? பள்ளிவாசல் நிலங்களிலும் கோயில் நிலங்களிலும் பொறுப்பாளர்கள் வாடகையை வாங்கிக்கொண்டு கணக்குக் காட்டாமல் இருந்ததால் வந்தது. வெள்ளைக்காரன் ஆசைப்பட்டு மட்டும் கொண்டுவரவில்லை, நம் ஆட்களே மனு மேல் மனு போட்டார்கள்.

நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பழைய பத்திரத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தடித்த காகிதம், இங்கிலீஷில் கையெழுத்து, ஓரத்தில் சிவப்பு மையில் நிலத்தின் படம், அடியில் தமிழில் ஒப்பம். எழுதியவர் தன் இரண்டு மகன்களைப் பொறுப்பாளர் ஆக்கியிருந்தார். அந்தக் காலத்தில் பினாங்கில் நிலத்துக்கு இன்றைய மாதிரி கெரான் (அரசு பதிவேட்டு உரிமைப் பத்திரம்) கிடையாது, பத்திரம் கைமாறினால்தான் உடைமை. பினாங்கு, மலாக்கா நில உரிமைக்கென்று 1963-ல் தனிச் சட்டம் வந்து, 1966 ஜனவரியில் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எல்லாவற்றையும் புதுப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். இந்த நிலம் மாறும்போது பேரன் பெயர் மட்டும் ஏறியது. பொறுப்பாளர் என்ற குறிப்பு ஏறவில்லை. பேரன் விற்றான். வாங்கியவனும் விற்றான். மதரஸாவுக்கு வந்துகொண்டிருந்த வாடகை நின்றது, மதரஸாவும் மூடியது.

தேசிய நிலச் சட்டம் 340-ஆவது பிரிவு, பதிவில் பெயர் உள்ளவனின் உரிமையை அசைக்க முடியாது என்கிறது. மோசடி, போலிக் கையெழுத்து மாதிரி சில காரணங்கள்தான் விலக்கு. அதையும் மீறி, விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கிய அடுத்தவனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 4(2)(e), வக்ஃபு பற்றிய சட்டங்களை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில்தான் வழக்கு வழக்காக ஓடுகிறது. பொறுப்பு ஒரு குடும்பத்திடம் இருந்ததால் வந்த வினை இது. அழியாத ஓர் அமைப்பின் கையில் இருந்திருந்தால் அந்த மதரஸா இன்னும் இருந்திருக்கும்.

சூலியா பேரன்:

ஐயா, ஒரு பேரன் விற்றான் என்பதற்காக எல்லாப் பேரன்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? நீங்கள் விட்ட பாதிச் சரித்திரத்தை நான் சொல்கிறேன்.

1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது காலனிகளுக்கான கடைசி மேல்முறையீட்டு மன்றம், வங்காளத்திலிருந்து போன ஒரு வழக்கில், குடும்பத்துக்காக எழுதிய வக்ஃபு செல்லாது என்றது. கடைசியில் ஏழைகளுக்குப் போகும் என்று பேருக்கு ஒரு வரி இருந்தால் போதாது என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் முஸ்லிம்கள் கொதித்துப் போராடி 1913-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றினார்கள். அந்தச் சட்டம் கடல் தாண்டி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றத்துக்கு வரவில்லை. 1871-லேயே இங்குள்ள கோர்ட், முஸ்லிமின் உயிலுக்கும் இங்கிலீஷ் சட்டமே என்று முடிவுகட்டிவிட்டது. அதனால் கந்தூரிக்கு எழுதியது, கபரில் ஓதுவதற்கு எழுதியது எல்லாம் 'தர்மம் ஆகாது, காலவரம்பில்லாமல் சொத்தைக் கட்டிப்போடுகிறது' என்று சில வழக்குகளில் தள்ளுபடி. தள்ளுபடி ஆனால் சொத்து யாருக்கு? வாரிசுக்குத் திரும்பும். கோர்ட்டே கையில் கொடுத்த சொத்தை வைத்திருந்தவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் பெரியத்தாமார் தலைமுறையில் இந்தக் குழப்பத்தில் சிக்காத குடும்பம் குறைவு. எது வக்ஃபு, எது சொந்தம் என்று தெரியாமலேயே வாடகை வசூலித்து, முடிந்த அளவு பள்ளிக்கும் கொடுத்துவந்தார்கள். அவர்களும் நாணயமான மனிதர்கள்தான்.

காயல் நெய்னா:

நான் கோலாலம்பூரில், மஸ்ஜித் இந்தியா பக்கம். ஊர்ப்பக்கம் நடப்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். 2022-ல் திருச்சி அருகே திருச்செந்துறையில் ஒருவர் நிலத்தை விற்கப் போனால், வக்ஃபு வாரியத்தின் தடையில்லாச் சான்று கொண்டுவா என்று பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். நாடே பேசியது. 2025-ல் டெல்லி அரசு வக்ஃபு சட்டத்தைத் திருத்தியது. பத்திரம் இல்லாவிட்டாலும் நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃபு என்பதை இனிமேலைக்கு எடுத்தார்கள், அரசு நிலமா என்று முடிவுசெய்ய அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தையும், ஐந்து வருடம் இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற விதியையும் செப்டம்பரில் நிறுத்திவைத்தது.

அங்கே நம்மவர்கள் அடிவாங்குவதற்கு அரசியல் ஒரு காரணம், பதிவேடு சரியில்லாதது இன்னொரு காரணம். அரசியலை நாம் தடுக்க முடியாது. பதிவேட்டைச் சரிசெய்வது நம் கையில்தான் இருந்தது. பினாங்கில் அந்தத் தப்பு நடக்கக்கூடாது. யார் நிர்வாகம் என்று சண்டை போடுவதற்கு முன்னால் எது வக்ஃபு என்பதை ஊரறிய எழுதுங்கள்.

பட்டர்வொர்த் மாலதி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குடியிருக்கும் எங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அப்பா ஜார்ஜ் டவுனில் ஒரு வக்ஃபுக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்தார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1-ல் போனதும் தெருவே காலியானது எங்களுக்கு நினைவிருக்கிறது. அதற்கு நான் இன்று யாரையும் குறை சொல்லவில்லை. என் கேள்வி, தகராறு வந்தால் என்னைப் போன்ற இந்துக் குடும்பம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கோர்ட் கெராணி:

மாலதியம்மா, உங்களுக்குப் பதில் எளிது. ஷரியா கோர்ட்டின் அதிகாரம் முஸ்லிம்கள் மேல்தான். நீங்கள் ஒரு தரப்பு என்றால் சிவில் கோர்ட்தான். சிக்கலெல்லாம் இரண்டு தரப்பும் முஸ்லிமாக இருக்கும்போதுதான்.

1988-ல் மலேசிய அரசியலமைப்பில் 121(1A) பிரிவு சேர்ந்தது. ஷரியா கோர்ட்டின் அதிகாரத்துக்குள் உள்ள விஷயத்தில் ஹைகோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று. வக்ஃபு, மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் 1992-ல் பினாங்கு வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வக்ஃபு நிலத்தில் இருந்த பள்ளிவாசலை மஜ்லிஸ் இடிக்கக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தடையுத்தரவு கேட்டார்கள். அப்போது ஷரியா கோர்ட்டுக்குத் தடையுத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆகவே சிவில் கோர்ட் கேட்கலாம் என்று தீர்ப்பு. என்ன பரிகாரம் கேட்கிறாய் என்பதைப் பார்த்தார்கள். 2003-ல் பெடரல் கோர்ட் (சுப்ரீம் கோர்ட்டின் இப்போதைய பெயர்), அதுவும் பினாங்கு மஜ்லிஸ் வழக்குதான், திசையைத் திருப்பியது. பரிகாரத்தைப் பார்க்காதே, விஷயம் என்ன என்று பார். விஷயம் வக்ஃபு என்றால் ஷரியா கோர்ட்.

பேரன் தம்பி, உங்கள் ஆட்கள் பழைய உயிலை எடுத்துக்கொண்டு ஹைகோர்ட்டில் டிரஸ்ட் வழக்குப் போட்டால், முதல் நாளே கேட்பது இதுதான்: இது டிரஸ்டா, வக்ஃபா? வக்ஃபு என்று வாய்திறந்தால் ஷரியா கோர்ட்டுக்குப் போ என்பார்கள். வக்ஃபு இல்லை என்றால் உங்கள் பாட்டனார் நிய்யத்தையே, அவர் மனதில் வைத்த நோக்கத்தையே, மறுத்துப் பேச வேண்டிவரும்.

சூலியா பேரன்:

அதுதான் ஐயா வயிற்றெரிச்சல். பாட்டனார் காலத்தில் வக்ஃபு என்று சொன்னால் செல்லாது, டிரஸ்ட் என்று எழுது என்று இங்கிலீஷ் வக்கீல் எழுதிக்கொடுத்தான். இன்று அந்த எழுத்தை வைத்தே குடும்பத்தை இரண்டு வாசலுக்கும் அலையவிடுகிறார்கள்.

பத்து உபான் பரீது:

வாடகையையும் பேசுவோம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் வந்த பிறகு ஒரு கடைவீட்டின் மதிப்பு எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டை ஹோட்டல்காரன் எடுத்து நடத்தும்போது, வக்ஃபு வீடு மட்டும் பழைய வாடகையில் ஓடினால் அந்த நஷ்டம் யாருக்கு? கஞ்சிக்கு, மதரஸாப் பிள்ளைகளுக்கு. குடும்பம் நிர்வாகம் செய்த இடங்களில் சொந்தக்காரனுக்குச் சல்லிசாக விட்டதை நானே பார்த்திருக்கிறேன். மஜ்லிஸ் என்றால் முகதாட்சண்யம் இருக்காது.

பட்டர்வொர்த் மாலதி:

பரீது அண்ணே, வாடகையை உயர்த்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்று தலைமுறையாக அதே தெருவில் பிழைத்தவனுக்குப் படிப்படியாக உயர்த்துங்கள், ஒரே மாதத்தில் வேண்டாம். எங்கள் பக்கத்திலும் அதே 1905 சட்டத்தில் வந்த இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது. கோயில் சொத்து வாடகையிலும் இதே வாக்குவாதம்தான் எங்களுக்கும்.

கோர்ட் கெராணி:

தம்பி, வாசல் வாசலாக அலைய வேண்டாம் என்றால் இதைச் செய்யுங்கள். நில அலுவலகத்தில் லாட் எண்ணை வைத்துத் தேடல் போட்டு, இன்று யார் பெயரில், என்ன குறிப்போடு இருக்கிறது என்று பாருங்கள். ஹைகோர்ட்டில் உயில் நிரூபித்த பழைய கோப்பிலிருந்து சான்றிட்ட நகல் வாங்குங்கள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, இது வக்ஃபு, இன்ன நிபந்தனை என்று அறிவிக்கக் கோரி ஷரியா கோர்ட்டுக்குப் போங்கள். நிர்வாகம் கேட்காதீர்கள், நிபந்தனையைக் கேளுங்கள். கஞ்சிக்கு எழுதியது கஞ்சிக்குப் போகிறதா என்று கேட்கும் உரிமையை எந்தச் சட்டமும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை.

சூலியா பேரன்:

செய்கிறேன் ஐயா. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் கையில் கோப்போடு அலைந்து நிரூபிக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்களே பட்டியலை வெளியிடட்டும். லாட் எண், எழுதிவைத்தவர் பெயர், எதற்காக, வருட வாடகை எவ்வளவு, எதில் செலவானது. ஒவ்வொரு ரமலானுக்கும் முன்னால் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அதோடு, குடும்பம் பெயர் சொல்லி எழுதப்பட்ட வக்ஃபுகளில் ஓர் இடம் குடும்பத்துக்கு வேண்டும்.

கோர்ட் கெராணி:

பட்டியலுக்கு நானும் உங்கள் பக்கம், கையெழுத்துப் போடுகிறேன். இடத்துக்கு இல்லை. ஐந்து தலைமுறையில் முந்நூறு வாரிசு இருக்கும், பாதிப் பேர் இராமநாதபுரத்தில். யார் உட்காருவது?

சூலியா பேரன்:

அதை அந்தப் பள்ளியின் ஜமாஅத் கூடி முடிவுசெய்யட்டும். உயிலின் கடைசி வரியிலேயே அதுதான் இருக்கிறது.