மறு: துருவ வானாய்வகப் பாடம் – ‘சீயிங்’குக்கு ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் பசங்களுக்கான துணைப்பாடம் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், துருவப் பகுதி வானாய்வகத்துக்கு ஏத்த இடமாங்கறதுதான் பொருள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். குளிர், உயரம், நீராவி எல்லாத்துக்கும் சொல் இருக்கு, ‘சீயிங்’குலதான் மாட்டிக்கிட்டேன். சூடும் குளிருமா இருக்கற காற்று ஒண்ணுக்குள்ள ஒண்ணு புரளறதால விண்மீனோட பிம்பம் புள்ளியா நிக்காம பரவிப்போகுது, அந்தப் பரவலோட அகலத்தை வில்நொடியில (ஒரு பாகையில 3600ல ஒரு பங்கு) சொல்றாங்க. பாடமே இதுலதான் நிக்குது. தென்துருவத்துல 2835 மீட்டர் உயரத்துல 10 மீட்டர் தொலைநோக்கி 2007லேர்ந்து ஓடுது, ஆனா அது மில்லிமீட்டர் அலைக்கானது, அதுக்கு வேண்டியது வறண்ட காற்று. கண்ணுக்குத் தெரியற ஒளியில பாத்தா தரையை ஒட்டி 200 மீட்டருக்கு மேலயும் காற்று புரளறதால பிம்பம் மோசம். அதே அண்டார்டிகாவுல டோம் சி-ங்கற இடத்துல புரளற படலம் சுமார் 30 மீட்டர்தான், அதுக்கு மேல 0.27 வில்நொடின்னு 2004ல அளந்து சொன்னாங்க. இப்போதைக்கு ‘காட்சித் தெளிவு’ன்னு போட்டு வச்சிருக்கேன். சரியா வருமா?

---

> காட்சித் தெளிவு

வேண்டாங்க. ‘தெளிவு 0.3’, ‘தெளிவு 1.8’னு எழுதினா படிக்கற பிள்ளை 1.8தான் ஒசத்தின்னு நினைக்கும். இங்க எண் குறைஞ்சாதான் நல்லது, ஏன்னா அளக்கறதே குறையைத்தான், அப்போ பேரும் குறையைச் சொல்லணும். என் ஓட்டு ‘கலங்கல்’. எல்லாருக்கும் புரியும், விளக்கக் குறிப்பே வேண்டாம்.

---

கலங்கல்னா தூசி, புகைன்னு போயிடுமே ஐயா? மேகமே இல்லாம, தூசியே இல்லாம வானம் பளிச்சுன்னு இருக்கற ராத்திரியிலகூட சீயிங் கெட்டுக் கிடக்கும். ஒளி குறையறது வேற, ஒளி அலையறது வேற, ஒரு வானாய்வக இடத்தை மதிப்பிடறப்போ ரெண்டையும் தனித்தனியாத்தான் அளக்கறாங்க. ‘துளக்கம்’னு ஒரு அருமையான சொல் சும்மா கிடக்கு. கலங்கு–கலக்கம், மயங்கு–மயக்கம், அதே மாதிரி துளங்கு–துளக்கம். துளங்குதல்னா அசைதல், நடுங்குதல், அதே சொல்லுக்கு ஒளிர்தல்னும் பொருள் உண்டு. நடுங்கறதும் மின்னறதும் ஒரே வேர்ல! விண்மீனுக்கு இதைவிட என்ன வேணும்? நன்னூல்ல நல்லாசிரியனுக்கு மலையை உவமை சொல்ற இடத்துல ‘துளக்கல் ஆகா நிலையும் தோற்றமும்’னு வருது. தொலைநோக்கியை மலைமேல கொண்டுபோய் வைக்கறவங்க தேடறதும் அந்தத் துளங்காத நிலையைத்தான்.

---

வேர் அழகுதான், மறுக்கல. ஆனா வகுப்புல நிக்கறவ நான். துளக்கம்னு எழுதிப்போட்டா பாதிப் பிள்ளைங்க துலக்கம்னு படிக்கும், அதுக்குப் பொருள் நேர் எதிர், திரும்பவும் முதல் மடல்ல இருந்த ‘தெளிவு’க்கே வந்து நிப்போம். ஒரு எழுத்து வித்தியாசத்துல பொருள் கவுந்துபோற சொல்லை பாடத்துல வைக்கக்கூடாது. ‘துடிப்பு’ன்னு போகலாமான்னு பாத்தேன், துடிப்பு விண்மீன்னு ஏற்கெனவே வேற பொருள்ல இருக்கு. பேசாம ‘சீயிங்’னே விட்டுடுங்க, ரேடியோ, லேசர் எல்லாம் அப்படித்தானே இருக்கு.

---

அப்படி விட்டா நூறு சொல்லுல தொண்ணூறை விடவேண்டி வரும் அம்மா. ‘நோக்கு’ங்கற சொல்லை ஏன் யாரும் தொடல? தொல்காப்பியர் செய்யுளியல்ல நோக்கை ஒரு உறுப்பாவே வச்சிருக்கார், அதுலேர்ந்து ‘நோக்குநிலை’ன்னு...

---

> நோக்குநிலை

அது கண்ணோட்டம்ங்கற பொருள்ல நல்லாவே புழங்குதுங்க, இங்க ஒட்டாது.

வேற ஒண்ணு. டோமை ‘குவிமாடம்’னு பெயர்க்காதீங்க, பிள்ளைங்க தொலைநோக்கி மேல இருக்கற மூடியைத்தான் நினைக்கும். டோம் ஏ, டோம் சி எல்லாம் பனிப்படுகை மெதுவா மேடிட்டு நிக்கற உச்சிங்க, சரிவு கண்ணுக்கே தெரியாது. ‘பனிமுகடு’ன்னா போதும். சொல்லுக்காக மட்டும் சொல்லல, காரணமே அதுலதான் இருக்கு. பனிமேல குளுந்த காற்று கனமாகி, சரிவுல கடல் பக்கமா வழியுது, வழிய வழிய வேகம் ஏறுது. முகட்டுல அந்த ஓட்டம் இப்பதான் தொடங்குது, அதனால அங்க காற்று அடங்கியிருக்கு, படலமும் மெல்லிசு. தென்துருவம் சரிவுல கிடக்கறதாலதான் அங்க படலம் அவ்ளோ தடிமன். டோம் ஏ 4093 மீட்டர், அங்க படலம் சுமார் 14 மீட்டர்தான், 8 மீட்டர் கம்பத்து மேல வச்ச கருவியே சில இரவுல படலத்தைத் தாண்டி 0.31 அளவுக்குப் பாத்திருக்கு, மிகச் சிறந்த நேரத்துல 0.13. 2020ல வெளியான அளவு இது.

குறையையும் பாடத்துல சேருங்க. ஆடியில உறைபனி படியும். துருவத்துல சூரியன் சரிஞ்சு சரிஞ்சே இறங்கறதால அந்தி வாரக்கணக்குல நீளும், 18 பாகை கீழ போனாதான் முழு இருட்டு. வானத்துல பாதிதான் எப்பவும் தெரியும். வடதுருவத்துல நிலமே இல்ல, கடல்பனிதான், அதனால அந்தப் பக்கம்னா கிரீன்லாந்து மாதிரி இடத்தைத்தான் பாக்கணும்.

---

இந்த வழியற காற்றுக்கும் பேர் வேணுமே! ‘இழிகாற்று’ன்னு வைக்கலாம், இழிதல்னா இறங்குதல், அருவியை இழிதரும் அருவின்னு...

---

இழிவுன்னு கேக்குமே ஐயா, ‘சரிவுக்காற்று’ போதும். அதைத் தனி இழையில பேசுவோம்.

எனக்கு நாளைக்குள்ள முடிக்கணும். கலங்கல் பக்கம்தான் அதிகம் பேர் இருக்கீங்க. தூசிக் குழப்பம் வராம இருக்க ‘பிம்பக் கலங்கல்’னு முன்னொட்டு போட்டேன், பிம்பம் வடசொல்னு தனிமடல் வந்துச்சு, ‘உருக்கலங்கல்’னு மாத்தினேன், உருவும் ரூபத்துலேர்ந்து வந்ததுன்னு ஒருத்தர், இல்ல உருதான் மூலம்னு இன்னொருத்தர். உரு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச சொல், அதனால ‘உருக்கலங்கல்’னே வச்சு, முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் ‘சீயிங்’னு பக்கத்துல போடறேன். ‘டோம் ஏ பனிமுகட்டில் படலத்துக்கு மேல் உருக்கலங்கல் 0.31 வில்நொடி’ – படிச்சுப் பாத்தேன், நிக்குது.

---

நிக்குதுதான். ஆனாலும் நான் ஒத்துக்கலன்னு பதிவு பண்ணிக்கோங்க தம்பி. கலங்கின தண்ணி தெளிஞ்சு அடியில வண்டல் நிக்கும், இங்க வண்டல்னு எதுவும் கிடையாது, அசைவு மட்டும்தான். அடுத்த பதிப்புல ‘உருத்துளக்கம்’னு மறுபடி கேப்பேன்.